ராப்பலகையிலிருந்து ஜி.பி.எஸ். வரை: நம் கடலோர மக்கள் கருவிகளைக் கற்ற வரலாறு

 

ஆண்டறிக்கை மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நிர்வாகக் குழுவினர் நம்மைக் கேட்பதும், நாம் பக்தாதைப் பற்றியோ குர்துபாவைப் பற்றியோ எழுதித் தருவதும் வழக்கமாகிவிட்டது. இம்முறை அவ்வளவு தொலைவு செல்ல வேண்டிய தேவை ஏற்படவில்லை. சென்ற ஷஅபான் மாதத்தில் பள்ளிவாசல் அறைக்கு ஒரு வழக்கு வந்தது. அதற்கு விடை தேடப் புகுந்தபோது நம் கண்ணெதிரே கிடந்தும் எவரும் எழுதாத ஒரு வரலாறு நமக்குத் தட்டுப்பட்டது.

வழக்கு இதுதான். நம் மஹல்லாவைச் சேர்ந்த சம்மாட்டி ஒருவர் தம் வள்ளத்திற்குப் புதிய டீசல் எஞ்சின் பொருத்தினார். அதனுடன் மீன் கூட்டத்தைக் காட்டும் எக்கோ சவுண்டரும், இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் வாங்கினார். இவற்றின் பொருட்டு வருமானத்தில் கூடுதலாக ஒரு பங்கு எடுத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தார். வள்ளத்தில் தொழிலுக்குச் செல்லும் ஐவரும் இதை ஏற்கவில்லை. அவர்களுள் இளையவர் கேட்டார்: "கருவியை வாங்கியது காக்கா. அதைப் பார்த்துப் படிக்கக் கற்றுக்கொண்டது நாங்கள். ஆறு மாதமாக வலை கிழிந்ததும், வெறுங்கையோடு திரும்பியதும் எங்கள் கணக்கில்தானே போயிற்று? வாங்கியதற்குப் பங்கு உண்டென்றால், கற்றதற்குப் பங்கு இல்லையா ஹள்ரத்?"

மதரஸாவில் பல ஆண்டுகள் ஓதியும் இக்கேள்வியை இந்த வடிவில் நாம் சந்தித்ததில்லை. தீர்ப்புச் சொல்ல நாம் சில வாரங்கள் அவகாசம் கேட்டோம். அந்த வாரங்களில் பெரியவர்களிடம் கேட்டறிந்ததும் நூல்களில் படித்தறிந்ததுமே இக்கட்டுரை.

முஅல்லிமும் மாலுமியும்

'மாலுமி' என்பது பழந்தமிழ்ச் சொல் போலவே நம் காதில் ஒலிக்கிறது. ஆனால் அது 'முஅல்லிம்' என்ற அரபிச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்லாராய்ச்சி அறிஞர்கள் காட்டுவர். முஅல்லிம் என்றால் கற்பிப்பவர். மக்தபில் பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லித் தருபவருக்கும், நடுக்கடலில் கப்பலுக்கு வழி சொல்லித் தருபவருக்கும் அரபுக் கடலோடிகள் ஒரே பெயரைச் சூட்டியிருந்தனர். 'சுக்கான்' என்பதும் அரபியே. கடலில் வழியறிதல் என்பது ஓதிக் கற்க வேண்டிய கல்வி என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டில், இன்றைய ராஸல் கைமாவான ஜுல்ஃபாரில் பிறந்த அஹ்மத் இப்னு மாஜித், கடலோடும் கலையைப் பற்றி அரபியில் பெருநூல் யாத்தவர். வாஸ்கோடகாமாவுக்குக் கோழிக்கோட்டுக்கு வழி காட்டியவர் இவரே என்றொரு கதை மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. இக்கால ஆய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை. நாமும் இனி அதைச் சொல்லாதிருப்பதே நலம். அவருடைய பெருமைக்கு அக்கதை தேவையுமில்லை. விண்மீனின் உயரத்தை 'இஸ்பஃ', அதாவது விரல் என்னும் அளவால் அவர் கணக்கிட்டார். ஒரு விரல் என்பது ஏறத்தாழ ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேல்.

அந்த விரல் கணக்குக்கு உதவிய கருவி கமால் எனப்பட்டது. சிறு மரப்பலகை, அதன் நடுவில் முடிச்சுகள் போட்ட ஒரு கயிறு, வேறொன்றுமில்லை. கயிற்றைப் பல்லில் கடித்துப் பலகையை முன்னே நீட்டி, கீழ் விளிம்பைக் கடலின் விளிம்போடு ஒட்டவைத்து, மேல் விளிம்பில் துருவ நட்சத்திரம் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். எந்த முடிச்சைக் கடித்தபோது நட்சத்திரம் தொட்டதோ, அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் நேர்கோட்டில் கப்பல் நிற்கிறது என்று பொருள். நம் சோழமண்டலக் கரையில் இதே கருவிக்கு 'ராப்பலகை' என்று பெயர். இரவில் பார்க்கும் பலகை என்பதால் அப்பெயர். 1850ஆம் ஆண்டில் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்விதழில் நம் கரையோரக் கடலோடிகளின் கருவிகளைப் பற்றி எழுதியபோது இதனையும் குறித்து வைத்தார். நம்மவர் எவரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

நம் கரையில் துருவ நட்சத்திரம் மிகவும் தாழ்ந்தே நிற்கும். கையை நீட்டி முட்டியை மடக்கினால், அந்த முட்டியின் உயரம்தான் அதன் உயரம். மேகமோ பனிமூட்டமோ இருந்தால் அதுவும் மறைந்துவிடும். ஆகவே நம் தண்டல்மார் நட்சத்திரத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் 'பாகம்' கணக்கில் ஆழம் பார்த்தார்கள். இரு கைகளையும் விரித்த அளவு ஒரு பாகம். குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி, அதில் ஒட்டி வருவது சேறா மணலா சிப்பித் தூளா என்று பார்த்துத் தாம் எங்கிருக்கிறோம் என்று அறிந்தார்கள். கரையில் தெரியும் மினாராவையும் பனைமரத்தையும் ஒரே கோட்டில் கொண்டு வருவது ஒரு குறி. கலங்கரை விளக்கத்தையும் தீவின் முனையையும் ஒரே கோட்டில் கொண்டு வருவது மற்றொரு குறி. இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் கடலடியில் ஒரு பார் இருக்கும். அதில் மீன் இருக்கும். இக்குறிகளை வாப்பா மகனுக்குச் சொல்வார். மருமகனுக்குச் சொல்லலாமா என்று யோசிப்பார்.

நட்சத்திரங்களைக் கொண்டு கரையிலும் கடலிலும் வழியறியச் செய்ததை அல்லாஹ் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அன்ஆம் அத்தியாயத்தில் எடுத்துரைப்பதை நாம் அறிவோம். அந்த வசனத்தின் தஃப்ஸீரை ஓதிய நம்மில் எத்தனை பேர் ராப்பலகையைக் கையால் தொட்டிருப்போம் என்று எண்ணும்போது சிறிது வெட்கமாகத்தான் இருக்கிறது.

எஞ்சின் வந்த கதை

இந்தியக் கடலில் சிறு மீன்பிடி படகுகளுக்கு எஞ்சின் வைக்கும் பெரிய முயற்சி, 1952ஆம் ஆண்டு அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையும் நார்வேயும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தொடங்கியது. இந்திய நார்வேத் திட்டம் என அது அழைக்கப்பட்டது. கேரளத்தில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையும் சக்திகுளங்கரையும் அதன் களமாயின. வந்த நார்வேக்காரர் முதலில் எண்ணியது, மீனவரிடம் ஏற்கெனவே இருக்கும் வள்ளங்களிலேயே எஞ்சினைப் பொருத்திவிடலாம் என்பதுதான். அது நடக்கவில்லை. கரையில் இழுத்து ஏற்றும் படகுக்கும், அலையை வெட்டிப் புறப்படும் படகுக்கும், அடியில் விசிறியும் சுக்கானும் கொண்ட எஞ்சின் பொருந்தாது. பின்னர் 22 அடி, 25 அடி நீளமுள்ள புதிய படகுகளைக் கட்டினார்கள். கற்பிக்க வந்தவர்களே கற்றுக்கொள்ள நேர்ந்த முதல் பாடம் அது.

நம் பகுதிக்கும் இத்திட்டத்துக்கும் தொடர்பு உண்டு. 1960களில் அதன் கிளை ஒன்று மண்டபத்தில் இயங்கியது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் 1949 முதல் 1971 வரை மண்டபம் முகாமையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. ஆராய்ச்சி நம் வாசலிலேயே நடந்தது என்றாலும், அதன் பலன் நம் வீட்டுக்குள் வந்து சேர நெடுங்காலம் பிடித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இயந்திரப் படகு ஓட்டவும் எஞ்சின் பார்க்கவும் அரசு பயிற்சி நிலையங்களை அமைத்தது. கொச்சியில் 1963இலும், அதன் பிரிவாகச் சென்னையில் 1968இலும் மத்திய அரசின் பயிற்சி நிறுவனம் ஏற்பட்டது. அங்கே சேரப் பள்ளிச் சான்று வேண்டும். பத்து வயதில் கடலுக்குப் போன நம் பிள்ளைகளிடம் அது ஏது?

ஆகவே நம்மவர் வேறு வழியில் கற்றனர். லாரிப் பட்டறைதான் அவர்களுடைய பாடசாலை ஆயிற்று. நம் கரையின் விசைப்படகுகளில் லேலண்ட் எஞ்சின் பெருகியதற்கு ஒரு காரணத்தைப் பெரியவர் ஒருவர் நமக்கு விளக்கினார். சாலையில் ஓடும் லாரியின் எஞ்சினும் படகின் எஞ்சினும் ஒரே குடும்பம். ராமநாதபுரத்தில் லாரி பார்க்கும் மேஸ்திரி படகையும் பார்த்துவிடுவார். உதிரிப் பாகமும் மதுரையில் கிடைக்கும். எவ்வளவு உயர்ந்த எஞ்சினாயினும் பழுது பார்க்க ஆளில்லையென்றால் அது கடலில் மிதக்கும் பாரம்தான் என்றார்.

எஞ்சினைக் கற்ற விதம் குறித்து அவர்கள் சொன்னவை கேட்கச் சுவையானவை. அனுபவித்தவர்களுக்கு அப்படி இருந்திருக்காது. அக்காலத்துச் சிறு டீசல் எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். சுற்றும்போது வால்வைத் திறந்து வைக்கும் சிறு நெம்பு ஒன்று உண்டு. வேகம் பிடித்ததும் அதை விட வேண்டும். கைப்பிடியை உரிய நேரத்தில் விலக்காவிட்டால் அது திருப்பி அடிக்கும். மணிக்கட்டு முறிந்தவர் பலர். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்து அவர்கள் அறியவில்லை. முறிந்த கைகளைப் பார்த்தே அறிந்தார்கள்.

அடுத்த பாடம், 'ஏர் பிடித்தல்'. டீசல் தொட்டி காலியாகி, குழாயில் காற்று புகுந்துவிட்டால், பிறகு எவ்வளவு டீசல் ஊற்றினாலும் எஞ்சின் கிளம்பாது. குழாயின் திருகைத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும் வரை கையால் பம்பு செய்து காற்றை வெளியேற்ற வேண்டும். இதை அறியாத ஒருவர், நல்ல எஞ்சினோடு ஓர் இரவும் ஒரு பகலும் நீர்வாட்டில் இழுபட்டுப் பாயைக் கட்டிக் கரை சேர்ந்தாராம். "எஞ்சின் செத்துவிட்டது என்று நினைத்தேன், மூச்சுத் திணறல்தான் என்று கரைக்கு வந்தபின் தெரிந்தது" என்பது அவருடைய சொல். அந்தத் தலைமுறையினர் எஞ்சின் வந்தபின்னும் பாயைப் படகை விட்டு இறக்கவில்லை.

1980களில் வெளிப்பொருத்தும் எஞ்சின்கள் வந்தன. படகின் பின்புறத்தில் மாட்டி, வேண்டாதபோது கழற்றித் தோளில் தூக்கிப் போகலாம். மண்ணெண்ணெயில் ஓடுபவையாயினும் பெட்ரோலில்தான் கிளப்ப வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்பும் பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். இல்லையேல் மண்ணெண்ணெய் கார்புரேட்டரில் தங்கி மறுநாள் கிளம்பாது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். குடிக்கவே நல்ல தண்ணீர் குடம் கணக்கில் வாங்கும் ஊரில் எஞ்சினுக்கும் ஒரு குடம் என்றபோது, வீடுகளில் எழுந்த சச்சரவை நம் தாய்மார்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எஞ்சின் வேகத்தைத் தந்தது; இறாலும் வந்தது. 1960கள் முதல் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இறால் ஏற்றுமதி பெருகியதும், கடலடியை வாரிவரும் இழுவை மடி பெருகியது. நாட்டுப்படகின் வலையை விசைப்படகு அறுத்துச் செல்வதும், அதனால் கரையில் கைகலப்பு மூள்வதும் வழக்கமாயின. பாக் நீரிணைப் பகுதியில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை வைத்ததும், 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டு, கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று வரையறுக்கப்பட்டதும் இந்தச் சண்டைகளின் விளைவே. எஞ்சினை ஓட்டக் கற்ற வேகத்தில், எஞ்சின் இல்லாதவரோடு கடலைப் பகிர்ந்துகொள்ள நாம் கற்கவில்லை.

தண்ணீருக்குள் பார்க்கும் காது

மின்னணுக் கருவி என்றதும் பலருக்கும் எக்கோ சவுண்டர்தான் நினைவுக்கு வரும். ஆனால் நம் படகுகளில் முதலில் ஏறிய மின்னணுக் கருவி டிரான்சிஸ்டர் ரேடியோ. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைக் கண்ட தலைமுறைக்கு ரேடியோவின் அருமை தெரியும். பாம்பனிலிருந்து போன ரயிலையே கடல் கொண்டுபோன இரவு அது. அதற்குமுன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைக் கரையில் நின்றவன்தான் பார்க்க முடியும். கடலில் இருப்பவனுக்கு அது பயன்படாது. பின்னாளில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய டிரான்சிஸ்டர், பாட்டுக்காக வாங்கப்பட்டதே ஆயினும், மீனவர்களுக்கான வானிலை அறிவிப்பையும் படகுக்குள் கொண்டு வந்தது.

எக்கோ சவுண்டரின் வரலாறு ஜப்பானில் நாகசாகிப் பகுதியில் தொடங்குகிறது. மின்வேலை செய்துவந்த ஃபுருனோ சகோதரர்கள் 1948இல் மீன் கூட்டத்தைக் காட்டும் கருவியை உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தனர். ஒலியைக் கீழே அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடும் கருவி அதற்கு முன்பே கப்பல்களில் இருந்தது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். 15 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பை ஒலியை நன்கு திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் நடுநீரில் மீன் கூட்டம் திரையில் தெரிகிறது. மீன் இருக்கும் இடத்தில் குமிழி எழும் என்று அனுபவமிக்க மீனவர் ஒருவர் சொல்லக் கேட்டதே ஃபுருனோவுக்கு இந்த எண்ணம் தோன்றக் காரணம் என்பார்கள். கருவியின் பிறப்பிலேயே ஒரு மீனவரின் அறிவுக்கும் பங்கு இருக்கிறது என்பதை, நம் வழக்கை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தபோது நாம் அடிக்கோடிட்டோம்.

கருவியை வாங்குவது ஒரு நாள் வேலை. அதைப் படிக்கக் கற்பது அப்படியன்று. பாறைத் தரை தடித்துக் காட்டும். சேற்றுத் தரை மெலிந்து பரவிக் காட்டும். படகு அலையில் எழுந்து தாழ்ந்தால் தட்டையான தரையும் மேடு பள்ளமாகத் தோன்றும். ஒலியின் வலுவைக் கூட்டி வைத்தால் மிதக்கும் தூசும் மீன் கூட்டமாகத் தெரியும். குறைத்து வைத்தால் மீனும் மறையும். அது காட்டுவது நெத்திலியா சூடையா என்று கருவி சொல்லாது. எந்த மாதம், எந்தக் காற்று, எந்த நேரம் என்பதை அறிந்தவர்தான் சொல்வார். ஈயக்குண்டில் ஒட்டிய சேற்றை விரலால் தேய்த்துப் பார்த்த பெரியவர்கள் திரையை விரைவில் புரிந்துகொண்டனர் என்றும், படித்த இளைஞர்கள் திரையின் எழுத்தை விரைவில் புரிந்துகொண்டனர் என்றும் நமக்குச் சொல்லப்பட்டது. ஒரே படகில் இருவரும் இருந்தால்தான் கருவி முழுமையாகப் பேசியது. ஆழம் குறைந்த வடகடலில் இக்கருவியால் அவ்வளவு நன்மையில்லை. தென்கடலின் பார்களில்தான் அதன் பயன் பெரிது.

எண்ணாகிப் போன பார்கள்

ஜி.பி.எஸ். அமெரிக்க இராணுவத்தின் கருவி. 1983 செப்டம்பரில் வழி தவறிய கொரியப் பயணிகள் விமானம் ஒன்று சோவியத் படையால் சுடப்பட்டு 269 பேர் மாண்டபின், அதனைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா அறிவித்தது. 1995இல் 24 செயற்கைக்கோள்களுடன் அது முழுமை பெற்றது. எனினும் பொதுமக்களுக்குச் செல்லும் அலையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தனர். அதனால் இடம் ஏறத்தாழ நூறு மீட்டர் வரை தவறும். 2000ஆம் ஆண்டு மே மாதம் அந்தப் பிழை நீக்கப்பட்டது. அதன்பின் கையடக்கக் கருவிகள் நம் படகுகளுக்கும் வந்தன. ஒருவர் வாங்கி, ஒரு பருவம் முழுவதும் அவர் தவறாமல் அதே பாருக்குப் போய் வருவதைக் கண்டு, மற்றவர்கள் வாங்கினார்கள்.

'மார்க்' என்ற பொத்தானை அழுத்தினால் நிற்கும் இடம் பதிவாகும். 'கோ டூ' என்று கட்டளையிட்டால் அங்கே வழி காட்டும். இவ்வளவுதான் பாடம் என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர். பாகை, கலை, விகலை என எழுதுவது ஒரு முறை; பாகை, கலை, கலையின் தசமப் பகுதி என எழுதுவது மற்றொரு முறை. ஒருவர் 9 பாகை 15 கலை 30 விகலை என்று சொன்ன இடத்தை மற்றொருவர் 15.30 கலை என்று கருவியில் பதித்துக்கொண்டார். 30 விகலை என்பது அரைக் கலை. அவர் பதித்ததோ அதைவிடக் கலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒரு கலை 1852 மீட்டர் ஆதலால், ஏறத்தாழ 370 மீட்டர் தள்ளி வலை விட்டார். பார் அங்கே இல்லை. பொய்யான இடத்தைக் கொடுத்துவிட்டாய் என்று நண்பனோடு பல மாதம் பேசாதிருந்தார். அந்தப் பிணக்கைத் தீர்த்து வைத்தது ஹள்ரத் அல்லர், கணக்கு வாத்தியார்!

ஜி.பி.எஸ். இரண்டு பெரும் மாற்றங்களைச் செய்தது. முன்பு மூன்று தலைமுறையாகக் காத்த குறிகள் எண்களாயின. எண்ணைக் களவாடுவது எளிது. கருவியை ஒரு நாழிகை இரவல் வாங்கினால் போதும். வாப்பா மகனுக்குச் சொல்லத் தயங்கிய இடத்தைக் கடைத்தெருவில் கருவியைப் பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் அறிந்துகொள்ளலாம் என்றாயிற்று. ஒரே பாருக்குப் பத்துப் படகுகள் செல்ல, அங்கே மீன் குறைந்தது.

மற்றொன்று எல்லை. இந்திய இலங்கைக் கடல் எல்லை 1974, 1976 ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் வரையறுக்கப்பட்டது. நீரில் கோடு கிடையாது. காற்று தள்ளிவிட்டது, தெரியாமல் வந்துவிட்டோம் என்று சொல்ல அக்காலத்தில் இடமிருந்தது. பல வேளைகளில் அது உண்மையாகவும் இருந்தது. இப்போது கோடு திரையில் தெரிகிறது. தெரிந்தும் தாண்டுவோர் இருக்கிறார்கள். கடனும் இழுவை மடியும் அவர்களைத் தள்ளுகின்றன. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. பிடிபட்டவரின் மனைவி நம் பள்ளிவாசலில் வந்து நிற்கும்போது நாம் கண்ணீரோடு துஆ செய்கிறோம். அக்கரையில் வலை அறுபட்ட மன்னார் மீனவரும் தம் பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ அவ்வாறே நிற்கிறார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. கைபேசியின் அலையோ வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸோ அவ்வளவு தொலைவு எட்டாது. அதன்பின் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவிகள் பேசப்பட்டன. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்கு அத்தகைய கருவி பொருத்தும் திட்டம் நாட்டளவில் தொடங்கப்பட்டது. கரையிலிருந்து கடலுக்குச் செய்தி வரும். கடலிலிருந்தும் அபாயச் செய்தி அனுப்பலாம். அதன் பொத்தான்களை எப்போது அழுத்த வேண்டும், எப்போது அழுத்தக் கூடாது என்பதை ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் நம் பள்ளி வளாகத்திலேயே கற்பிக்க ஏற்பாடு செய்யலாம் என நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம்.

கோவேறு கழுதையும் தோல் துருத்தியும்

இனி வழக்குக்கு வருவோம். பாய்மரக் காலத்தில் படகுக்கும் வலைக்கும் ஒரு பகுதி, உழைத்தோருக்கு ஒரு பகுதி என்ற முறை இருந்தது. எஞ்சின் வந்ததும் முதலில் டீசலுக்குக் கழித்தனர். பின்னர் எஞ்சினுக்கென ஒரு பங்கு முளைத்தது. எஞ்சின் விலை அடைபட்ட பின்னும் அப்பங்கு அடைபடவில்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கருவி வாங்கியவர்கள், மீனை அவருக்கே சந்தை விலைக்குக் குறைவாகக் கொடுக்கக் கட்டுப்பட்டனர். அந்தக் குறைவு வட்டியின் மறுபெயர்தான் என்பதைப் பலமுறை மிம்பரில் சொல்லியிருக்கிறோம்.

ஹிதாயா ஓதிய ஆலிம்களுக்குத் தெரியும்: ஒருவரிடம் கோவேறு கழுதை, மற்றவரிடம் தண்ணீர் சுமக்கும் தோல் துருத்தி, இருவரும் தண்ணீர் விற்றுக் கூட்டாகப் பிரித்துக்கொள்வதாக உடன்பட்டால், ஹனஃபி மத்ஹபின்படி அக்கூட்டு செல்லாது. தண்ணீர் எடுத்தவருக்கே வருமானம். மற்றவருக்கு அவர் பொருளின் நியாயமான வாடகை. ஹிஜ்ரி 620இல் மறைந்த இப்னு குதாமா தம் அல்முக்னியில் நம் வழக்குக்கு இன்னும் நெருங்கி வருகிறார். ஒருவர் தம் வலையை மீனவரிடம் பாதிப் பங்குக்குக் கொடுத்தால், மீன் முழுவதும் பிடித்தவருக்கே, வலைக்காரருக்கு வாடகை என்ற கருத்தைச் சொல்லிவிட்டு, இமாம் அஹ்மத் அவர்களின் வேறு தீர்ப்புகளோடு ஒப்பிட்டால் பங்கு முறையும் செல்லும் என்று எழுதுகிறார். இரு வழியிலும் ஒன்று தெளிவு: பொருள் வைத்திருப்பவரின் உரிமைக்கு ஓர் அளவு உண்டு, கையும் கண்ணும் உழைத்தவருடைய உரிமை அதில் கரைந்துபோகாது. நாம் இங்கே ஃபத்வா எழுதவில்லை. வழக்கைத் தீர்க்க நமக்குக் கிடைத்த வெளிச்சத்தைச் சொல்கிறோம்.

ஆறு பேரும் உடன்பட்டு எழுதியது இது: கருவிகளின் விலை பற்றுச்சீட்டோடு கணக்கில் எழுதப்படும். அத்தொகை அடைபடும் வரை சம்மாட்டிக்குக் கூடுதலாக அரைப் பங்கு. அடைபட்டதும் அது நின்றுவிடும். கருவி பார்ப்பவருக்குத் தம் பங்கோடு கால் பங்கு. அவர் மற்ற இருவருக்கேனும் அதைக் கற்றுத்தர வேண்டும். பழுதுச் செலவு பொதுக் கணக்கில். கருவியில் பதிந்த இடங்கள் வள்ளத்தில் உழைத்த அனைவருக்கும் சொந்தம். விலகிச் செல்பவர் தமக்கென ஒரு படி எழுதிக்கொள்ளலாம், ஆனால் விற்கக் கூடாது. முழுப் பங்கு கேட்ட சம்மாட்டி அரைப் பங்குக்கு இறங்கிவந்ததற்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

கருவி கடலில் விழுந்தால் எல்லாம் போய்விடும் என்று அஞ்சி, இளையவர் எல்லா இடங்களையும் ஒரு நோட்டில் எழுதினார். அதன் ஒரு படி உறையிலிட்டு ஒட்டப்பட்டு, பள்ளியின் இரும்புப் பெட்டியில் வைக்கக் கொடுக்கப்பட்டது. ஒட்டுவதற்கு முன் நாம் புரட்டிப் பார்த்தோம். பக்கம் முழுவதும் எண்கள். ஒரு பாருக்கும் பெயர் எழுதப்படவில்லை. பெயர்கள் தமக்குத் தெரியாது என்றார் அவர். ஐவருள் மூத்தவர், தமக்குத் தெரியும் என்றும், தாம் சொல்ல அவர் எழுதட்டும் என்றும் சொன்னார். உறை இன்னும் ஒட்டப்படவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அஸ்ருக்குப் பின் இருவரும் பள்ளித் திண்ணையில் அமர்ந்து எழுதி வருகிறார்கள்.